கதவுள்ள வேலி

தியானப் பகுதி: லூக்கா 13:31–35, யோவான் 10:1–10



லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். அதன் கடைசிப் பகுதியில் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஏரோது கொலைசெய்யத் தேடுகிறான் என்று பரிசேயர் வந்து எச்சரிக்கும்போது, ஆண்டவர் அவனை நரி என்று குறிப்பிடுகிறார். இரண்டு வசனங்கள் தள்ளி, எருசலேமை நினைத்துப் புலம்புகையில், தம்மைத் தன் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்ளும் கோழிக்கு ஒப்பிடுகிறார். மத்தேயுவிலும் கோழியின் உவமை உண்டு. ஆனால் நரி அங்கே இல்லை. லூக்காவே இரண்டையும் ஒரே பகுதியில் வைத்துக் காட்டுகிறார்.

நரிக்கு எதிராகச் சிங்கத்தை நிறுத்தியிருக்கலாம். ஆண்டவரோ கோழியைத் தெரிந்துகொண்டார். கோழிக்குக் கூரிய பல் இல்லை. உயரப் பறக்கும் வலிமையும் இல்லை. அதனிடம் இருப்பவை இரண்டு செட்டைகள் மட்டுமே. கோழி வளர்த்தவர்களுக்கு இந்த உவமையின் பாரம் நன்றாக விளங்கும். கோழி வளர்ப்பின் முதற்கவலையே நரியைப் பற்றியதுதான். நம் ஊர்களில் நரி அரிதாகிவிட்டது. அதன் இடத்தைக் கீரியும், மரநாயும், வைரியும், தெருநாயும் எடுத்துக்கொண்டன.

இந்த வாரம் அந்தக் கவலையைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். கோழிக்கு ஓடியாட இடம் வேண்டும். அதே வேளையில் அதன் உயிருக்குக் காவலும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைவதுபோலத் தோன்றுகிறது. பிள்ளைகளை வளர்ப்போரும், சபையை மேய்ப்போரும், வயதான பெற்றோரைப் பராமரிப்போரும் இதே கேள்வியோடுதான் ஒவ்வொரு நாளும் போராடுகிறார்கள்.

எங்கள் சேகரத்தில் ஒரு வயதான தாயார் இருக்கிறார். கணவர் இல்லை. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். பேத்தியை வளர்ப்பது பாட்டியின் பொறுப்பு. பதினான்கு நாட்டுக்கோழிகளின் முட்டைகளே அந்த வீட்டின் கைச்செலவுக்கு ஆதாரம். அறுப்பின் பண்டிகை தோறும் ஒரு பெட்டைக்கோழியைக் காலைக் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார். ஏலத்தில் அந்தக் கோழி நல்ல விலைக்குப் போகும். கொடுத்தவரின் கைராசி அப்படி என்று சபையார் சொல்வார்கள்.

கடந்த ஆண்டு ஐப்பசி மழையில், ஒரே இரவில் அவர் ஒன்பது கோழிகளை இழந்தார். கோழிகள் முருங்கைக் கிளையிலும் மாட்டுத்தொழுவத்தின் விட்டத்திலும் அடைந்திருந்தன. பனையிலிருந்து இறங்கிய மரநாய் அவற்றில் இரண்டைத் தின்றுவிட்டு, ஏழைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் ஊனுண்ணும் பல விலங்குகளுக்கு இந்த இயல்பு உண்டு. தப்பி ஓட வழியில்லாத இரை சுற்றிலும் படபடத்துக்கொண்டிருந்தால், பசி தீர்ந்த பின்பும் அவை கொன்றுகொண்டே இருக்கும்.

அயலார் ஒருவர் கருவாட்டில் விஷம் வைக்கச் சொன்னார். தாயார் மறுத்துவிட்டார். அது நல்ல முடிவு. கீரியையும் மரநாயையும் கொல்வதை 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அதோடு, விஷம் வைத்த உணவு யாருக்காக வைத்தோம் என்று கேட்பதில்லை. தெருவின் நாயும் பூனையும், தவழும் குழந்தையும்கூட அதற்கு இரையாகலாம். மரநாய் தன் வயிற்றுக்காக வந்தது. அதைக் குற்றவாளி ஆக்குவதால் கூடு பத்திரமாகிவிடாது.

ஆனால் பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மிஞ்சிய ஐந்து கோழிகளையும் மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள கம்பிக்கூண்டில் அடைத்து, இரவும் பகலும் பூட்டி வைத்தார். இரண்டு வாரத்தில் முட்டை நின்றது. ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் எளியதான ஒரு வெள்ளைக்கோழியின் முதுகில் இறகே இல்லாமல், தோல் சிவந்து புண்ணாகியது. வீடு சந்திக்கப் போன என்னிடம் அவர் கேட்டார்: “தொறந்து விட்டா செத்துப் போகுது. அடைச்சு வச்சா ஒண்ணையொண்ணு தின்னுது. நான் என்னதான் செய்ய, ஐயா?”

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, முதலாவது கோழி எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கோழி காட்டின் ஓரத்துப் பறவை. நம் வீட்டுக் கோழிகளின் மூதாதையான செந்நிறக் காட்டுக்கோழி புதர்களின் நிழலில் இலைச்சருகைக் கிளறி வாழ்கிறது. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி கிளறுவதிலும் கொத்துவதிலும் செலவாகிறது. மண்ணில் புரண்டு குளிப்பதால் அதன் இறகுகள் சுத்தமாகின்றன, செள்ளும் குறைகிறது. இவை அதற்கு ஆடம்பரம் அல்ல. கிளறுவதற்கு மண் இல்லாதபோது, அதே அலகு அடுத்த கோழியின் முதுகைத் தேடுகிறது.

கோழிகளுக்குள்ளே யார் முந்தி, யார் பிந்தி என்ற வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் 1920-களின் தொடக்கத்தில் எழுதி வெளியிட்டார். சிறுவயது முதல் கோழிகளைக் கூர்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவர். இந்த வரிசை விசாலமான இடத்தில் பெரிய தீங்கு செய்வதில்லை. பெரிய கோழி முறைத்தால் சிறிய கோழி விலகிப் போய்விடும். விலகுவதற்கு இடமில்லாத கூண்டில்தான் அது கொலையாக முடிகிறது. அந்த வெள்ளைக்கோழியின் புண்ணுக்கு மற்றக் கோழிகளின் குணத்தைவிட இடநெருக்கமே காரணம். நெருக்கமான வீட்டில், விலகிப்போய் அழுவதற்கும் ஒரு மூலை இல்லாமல் வாழ்கிறவர்களை நீங்கள் அறிந்திருந்தால், இது உங்களுக்குப் புரியும்.

எவ்வளவு இடம் போதும்? கொல்லையில் வளர்ப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு இது: இரவில் அடைய ஒரு கோழிக்கு மூன்று முதல் நான்கு சதுர அடி, பகலில் உலாவ எட்டு முதல் பத்து சதுர அடி. பத்துக் கோழிக்குப் பத்தடிக்குப் பத்தடி முற்றம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். திறந்தவெளிக் கோழி என்று பெயரிட்டு முட்டை விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கோழிக்கு நான்கு சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 43 சதுர அடி வெளியிடம் கேட்கிறது. வெறும் கம்பிக்கூண்டுகளை அது 2012 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்துவிட்டது. நம் நாட்டின் கூண்டுப் பண்ணைகளிலோ, ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. அந்தக் கூண்டுகளுக்குள் நரி வருவதில்லை என்பது உண்மைதான். பத்திரம் ஒன்றே போதுமானால், அவையே கோழிக்குப் பரதீசாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இடம் என்றால் வெட்டவெளி என்று நினைத்துவிடக் கூடாது. நிழலோ மறைவோ இல்லாத மைதானத்தில் கோழியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். அது கூட்டை ஒட்டியே நிற்கும். சேவலின் குரலைக் கவனித்தால் காரணம் தெரியும். ஆகாயத்தில் பருந்தோ வைரியோ தோன்றினால் அது ஒருவிதமாகக் குரல் கொடுக்கும். தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறுவிதமாகக் கொக்கரிக்கும். முதற்குரல் கேட்டவுடன் கோழிகள் மறைவுக்குள் பாய்ந்து பதுங்கும். இரண்டாவதைக் கேட்டால் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும். ஓடி ஒளிய ஒரு செடியாவது அருகில் இருந்தால்தான் அது தைரியமாய்த் தூரம் போகும். ஒரு கறிவேப்பிலைப் புதர், நான்கு வாழை, சாய்த்து வைத்த ஒரு பழைய கதவு இவை போதும். அடைக்கலம் அருகில் இருப்பதால் கோழி நடமாடும் எல்லை விரிகிறது. சங்கீதக்காரர் செட்டைகளின் கீழான அடைக்கலத்தைப் பாடுகிறார் (91-ஆம் சங்கீதம்). விசாலமான இடத்தில் தம்மைக் கொண்டுவந்ததற்காகவும் தேவனைத் துதிக்கிறார் (18-ஆம் சங்கீதம்). இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதைக் கோழிகள் நமக்குக் கற்பிக்கின்றன.

மூன்றாவது, காவல் என்பது ஆபத்தை அறிந்து செய்யப்பட வேண்டும். கோழிக்கு எல்லா நேரமும் ஒரே ஆபத்து இல்லை. பகலில் பருந்தும் வைரியும் கீரியும் நாயும். இரவில் மரநாயும் காட்டுப்பூனையும் பாம்பும் பெருச்சாளியும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால்தான் பொழுது சாயும்போது யாரும் அழைக்காமலே அது அடைய வருகிறது. ஆகவே இரவுக்கு ஒரு சட்டம், பகலுக்கு ஒரு சட்டம். இரவில் இடம் குறைவாக இருக்கலாம். அடைப்பு உறுதியாக இருக்க வேண்டும். பகலில் இடம் விசாலமாக இருக்க வேண்டும். காவல் வேறுவிதமாக அமைய வேண்டும்.

எங்கள் வாலிபர் சங்கத்தார் ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்தத் தாயாரின் கொல்லையில் வேலை செய்தார்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பலகைக்கூடு அமைத்தார்கள். அதன் காற்றுவழிகளுக்கு அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையைப் போடவில்லை. அந்த வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, மரநாயை வெளியே நிறுத்தாது. நாய் அதைக் கடித்தே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை நான்கு பக்கமும் அறைந்தார்கள். முற்றத்தின் வேலியை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கி, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்துப் புதைத்தார்கள். வேலியின் ஓரத்தில் தோண்டும் பிராணி அந்த மடிப்பில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். கடற்கரைச் சபையார் கொடுத்த பழைய மீன்வலை, பருந்துக்குத் தடையாக மேலே பந்தலானது. கதவுக்கு ஒரு கொக்கியும், அதன்மேல் ஒரு தாழ்ப்பாளும். முற்றத்தை நடுவில் தடுத்து இரண்டாக்கினார்கள்; ஒரு பாதியில் கோழி மேய, மறுபாதியில் புல் தழைக்கும். ஒரே மண்ணை ஓயாமல் மிதித்தால் ஈரமும் எச்சமும் சேர்ந்து, குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும்.

இந்த வேலைகளில் எனக்கு முக்கியமாகத் தோன்றியது கதவுதான். கதவில்லாத வேலி சிறையாகும். கதவைத் திறந்தே போட்டுவிட்டால் அங்கே வேலியே இல்லை என்றாகும். ஆண்டவர் யோவான் பத்தாம் அதிகாரத்தில் தம்மை வாசல் என்று சொல்கிறார். அந்த வாசலின் பயன் என்ன என்று கவனித்து வாசியுங்கள். ஆடு உள்ளே வருவது மட்டும் அங்கே சொல்லப்படவில்லை. வெளியே போவதும், மேய்ச்சலைக் கண்டடைவதும் சொல்லப்பட்டிருக்கிறது. இரட்சிப்பை உள்ளே அடைபட்டிருத்தல் என்று நினைக்கிறவர்கள் அந்த வசனத்தின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நான்காவது, நாம் கொடுக்கத் தயங்கும் விலை ஒன்று உண்டு. நூறு சதுர அடி முற்றம் கோழிக்குப் போதும். ஆனாலும் அதற்கு அப்பால் இருக்கும் தோட்டமே அதற்கு இன்பம். தோட்டத்துக்கு வேலி போட அந்தத் தாயாரிடம் பணம் இல்லை. ஆகவே மாலை நான்கு மணி முதல் ஆறு மணிவரை முற்றத்தின் கதவைத் திறந்துவிட்டு, திண்ணையில் ஒரு கம்போடு உட்கார்ந்துகொள்கிறார். கை ஓலைப்பெட்டி முடையும். கண் தோட்டத்தில் இருக்கும். மனிதர் இருக்கும் இடத்துக்கு வர வைரியும் தயங்கும், கீரியும் தயங்கும். ஆறு மணிக்கு, உள்ளே வந்த கோழிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவார். எண்ணிக்கை குறைந்தால் விளக்கெடுத்துத் தேடுவார். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தின் மேய்ப்பனுக்கு ஒன்று குறைந்தது எப்படித் தெரிந்தது? அவனும் எண்ணியதால்தான்.

நாம் உடனிருக்கும் அளவுக்கு எல்லையை விரிக்கலாம். உடனிருக்க நேரம் இல்லாதவர்களே மதிலை உயர்த்துகிறார்கள். பிள்ளையோடு பேச மாலையில் அரைமணி நேரம் ஒதுக்காத வீட்டில்தான், கைப்பேசியைப் பிடுங்குவதும் வாசலைப் பூட்டுவதும் வளர்ப்பு என்று எண்ணப்படுகிறது. சபையிலும் அப்படியே. வாலிபரின் கேள்விகளோடு உட்கார ஆள் இல்லாதபோது, கேள்வியே கேட்கக் கூடாது என்ற சட்டம் வருகிறது. பூட்டு மலிவானது. திண்ணையில் இரண்டு மணிநேரம் உட்காருவது விலையுயர்ந்தது.

அந்த வீட்டின் பேத்தி இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, வெளியூரில் செவிலியர் படிப்புக்கு இடம் பெற்றாள். பாட்டி என்னிடம் வந்து, “போக வேண்டாம்னு நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், ஐயா” என்றார். அவருடைய பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பெண்பிள்ளைகளுக்கு நேரும் கேடுகளைச் செய்தித்தாளில் நாம் அன்றாடம் வாசிக்கிறோம். நரி இல்லை என்று சொல்வது ஆறுதல் அல்ல. ஆண்டவரும் அப்படிச் சொல்லவில்லை. அவர் நரியை நரி என்றே சொன்னார்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே: “அம்மா, விடுதிக் கதவின் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தீர்களா?” அவர் சற்று நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் பேத்தியோடு பஸ் ஏறிப் போனார். இரவில் வாசலை யார் பூட்டுகிறார்கள், விடுதிக் காப்பாளர் உள்ளேயே தங்குகிறாரா, பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை தூரம் நடக்க வேண்டும், விளக்கு எரிகிறதா, உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அங்குள்ள சபையின் ஆயரம்மாவிடம் பேத்தியை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தார். மறைவுக்கு ஒரு புதர் அருகில் வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. இப்போது தினமும் மாலை ஏழு மணிக்குப் பேத்தி தொலைபேசியில் பேசுகிறாள். கோழிகளை எண்ணி முடித்துவிட்டுப் பாட்டி அதற்காகக் காத்திருக்கிறார்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று நம் முன்னோர் கேட்டார்கள். தாயின் கண்டிப்பு பிள்ளையைக் கெடுக்காது என்பதற்கு அதைச் சொல்கிறோம். அதே தாய்க்கோழி செய்யும் இன்னொன்றையும் கவனியுங்கள். இருபத்தொரு நாள் அடைகாக்கிறது. பொரித்த குஞ்சுகளைச் செட்டைக்குள் வைத்துச் சூடு கொடுக்கிறது. பருந்து தாழ்ந்தால் தானே சிலிர்த்துக்கொண்டு எதிரே நிற்கிறது. ஆனால் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துச் சில வாரங்கள் ஆனபின், அவற்றைத் தானே கொத்தி விலக்குகிறது. அது அன்பு குறைந்ததால் அல்ல. செட்டையின் வேலை முடிந்ததால். குஞ்சுக்குச் செய்யத் தக்கதை வளர்ந்த கோழிக்கும் செய்துகொண்டிருந்தால் அது காவலாக இராது.

எல்லாம் நலமாய் முடிந்தது என்று எழுதி நிறுத்தினால் உங்களுக்கு உண்மை சொன்னவன் ஆகமாட்டேன். சென்ற மாதம், தாயார் திண்ணையில் இருக்கும்போதே, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு வைரி ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கம்பை வீசியும் பயனில்லை. இனி மாலையில் திறக்கமாட்டாரோ என்று நினைத்தேன். “நாளைக்கும் நாலு மணிக்குத் தொறந்துதான் விடுவேன், ஐயா. கொஞ்சம் கிட்ட உக்காந்துக்குவேன்” என்றார். முதுகில் இறகு முளைத்த அந்த வெள்ளைக்கோழி அப்போது வாழையடியில் மண்குளித்துக்கொண்டிருந்தது.

பிரியமானவர்களே, உங்கள் பொறுப்பில் இருக்கும் உயிர்களை இந்த வாரம் ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வரக்கூடிய ஆபத்து எது? அது இரவின் ஆபத்தா, பகலின் ஆபத்தா? நீங்கள் போட்டிருக்கும் வேலி அந்த ஆபத்தைத் தடுக்கிறதா, அல்லது அவர்களை மட்டும் தடுக்கிறதா? அதற்குக் கதவு உண்டா? கதவைத் திறக்கும் வேளையில் திண்ணையில் உட்கார உங்களுக்கு நேரம் உண்டா?

எருசலேமைச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தவர் அதை வற்புறுத்தவில்லை. வர மனதில்லாதவர்களைக் கூண்டில் அடைக்கவும் இல்லை. செட்டைகளை விரித்து நின்றார். நரியின் ஊருக்கே நடந்து போனார். முடிவில் சிலுவையில் அவருடைய கைகள் விரிந்திருந்தன. நம்முடைய காவலும் அவருடைய காவலைப்போல் இருக்கட்டும்.

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, எங்கள் கையில் நீர் தந்த உயிர்களுக்காக ஸ்தோத்திரம். பயத்தினால் அவர்களை அடைத்துவிடாமலும், அசதியினால் அவர்களைக் கைவிடாமலும் எங்களைக் காத்துக்கொள்ளும். உறுதியான வேலி அடைக்க ஞானமும், வேளையறிந்து திறக்கத் தைரியமும், திறந்தபின் அருகே அமர்ந்திருக்கப் பொறுமையும் தாரும். இழந்தவர்களின் கண்ணீரைத் துடைத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.